ஆதன்: பேரனுக்குப் பெயர் தேடும் நண்பனுக்கு

அன்புள்ள மாணிக்கம்,

பேரன் பிறந்திருக்கிறான், தாயும் சேயும் நலம் என்று அறிந்து மிகுந்த மகிழ்ச்சி. பெயர் 'ஆதன்' என்று வைக்கலாமா, பொருள் என்ன, வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வை. ஆனால் வைப்பதற்கு முன் உன் மகனும் மருமகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் பழமை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறார்கள். 2019-இல் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பலர் காதிலும் விழுந்தது. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்று ஒரு சேர அரசனைச் சொல்கிறது. அவன் மகன் பெருங்கடுங்கோ, பேரன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையும் அதில் இருக்கிறது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடியவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். நெடுஞ்சேரலாதன் என்பதும் நெடும் + சேரல் + ஆதன் தான். சேர்த்தே படித்துப் பழகியதால் உள்ளே ஒரு ஆதன் இருப்பது நமக்குத் தெரிவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஐங்குறுநூற்றின் வேட்கைப்பத்து. அதன் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்கும். முதல் பாட்டின் அடுத்த அடி 'நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க'. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாழ்த்து எங்கே கிடைக்கும்? பெயர் சூட்டும் நாளில் உன் மருமகள் இந்த இரண்டு அடியைச் சொல்லட்டும், போதும்.

இன்னொன்றும் உனக்காகவே சொல்கிறேன். தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில், ஆதன், பூதன் என்ற பெயர்களோடு 'தந்தை' சேர்ந்தால் ஆந்தை, பூந்தை என்றாகும் என்று விதி இருக்கிறது. ஒரு பெயருக்காக இலக்கணத்தில் தனி விதி எழுத வேண்டியிருந்தது என்றால் அது எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்! பிசிராந்தையார் பெயரைப் பறவையோடு சேர்த்து நினைக்கிறவர்கள் உண்டு. பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆதனின் தந்தை என்பதுதான் உரைகாரர் சொல்லும் பொருள். புறநானூறு 71-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தன் கண் போன்ற நண்பர்களை வரிசையாகச் சொல்கிறானே, அதில் மன்எயில் ஆந்தையும் வருகிறான், ஆதன் அழிசியும் வருகிறான்.

இனிப் பொருள். இணையத்தில் 'தலைவன்', 'முதல்வன்', 'சூரியன்' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். சூரியன் என்பது ஆதவனுக்கு உரியது, இதற்கு அல்ல. முதல்வன் என்பது 'ஆதி'யோடு குழப்பிக்கொண்டது. சங்கப் பாடல்கள் இதை இயற்பெயராக மட்டுமே ஆள்கின்றன, பொருள் விரித்துச் சொல்வதில்லை. பிற்கால அகராதிகளில் உயிர், அருகன் (சமணர் வணங்கும் இறைவன்) என்ற பொருள்கள் உண்டு. கூடவே அறிவிலி, குருடன் என்றும் இருக்கிறது. தேவாரத்தில் 'ஆதர்' என்று வருவது இந்த இழிபொருளில்தான். என்றாவது ஒரு தமிழாசிரியர் வகுப்பில் இதைச் சொல்லிவிடுவார், அதனால் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் இதற்காகத் தயங்க வேண்டாம். அரசர்கள் சூடிய பெயர். திரிகடுகம் பாடியவரே நல்லாதனார்.

எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் நாட்டில் எண் கிடைக்காது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. அதிலும் ஓர் ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பெயரைச் சேர்ப்பதில்லை. இங்கே அப்படிப் பட்டியலிடும் வழக்கமே இல்லை. 'பிரபலம் 72%' என்று ஒரு தளம் சொன்னால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதே.

உண்மையான தொல்லை எழுத்துக்கூட்டலில்தான். ஆங்கிலத்தில் ஏ-டி-எச்-ஏ-என் (Adhan) என்று எழுதினால் அது இசுலாமியத் தொழுகை அழைப்பைக் குறிக்கும் சொல்லாகவே உலகெங்கும் படிக்கப்படும். 'டி-எச்'சுக்குப் பதில் 'டி' மட்டும் போட்டால் 'ஆடன்'. முதலில் ஒற்றை 'ஏ' வைத்துத் தமிழுக்குத் திரும்ப மாற்றினால் 'அதன்' என்று வந்து நிற்கும். ஆகவே ஏ-ஏ-டி-எச்-ஏ-என் (Aadhan) என்பதையே வைத்துக்கொள். எண்கணிதம் பார்த்துக் கடைசியில் இன்னொரு 'என்' சேர்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாகப் போய்விடும். நட்சத்திர எழுத்துப் பார்க்கிறவர்களாக இருந்தால், கார்த்திகை முதல் பாதத்துக்கு அகரம், அதற்கு ஆகாரமும் பொருந்தும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் அப்போதே கொடுக்க வேண்டியதில்லை. 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு 15 ஆண்டு வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு, அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரம். ஆகவே விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கேட்பவர் 'ஆதவன்' என்றே எழுதுவார், அவ்வளவு பழகிய பெயர் அது. அச்சிடுமுன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளி டாலரில் தமிழி எழுத்தில் பெயர் பொறிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல எண்ணம். ஆனால் அசோகர் கல்வெட்டுகளின் எழுத்தான அசோகன் பிராமிக்கு மாற்றும் செயலியைப் பயன்படுத்தாதே. அதில் றன்னகரம் கிடையாது. தந்நகரம் போட்டு 'ஆதந்' ஆக்கிவிடும். ன, ற, ழ, ள எழுத்துகள் உள்ள தமிழி வரிவடிவத்தையே பொற்கொல்லரிடம் கொடு. மூன்றே எழுத்து, சின்ன டாலரிலும் அடங்கும்.

அழைக்கும்போது 'ஆதா' என்று கூப்பிடலாம். சோழன் சோழா ஆவது போலத்தான். முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன் கதிரேசன்