மாடலின் வீட்டு முகவரி எனக்கு எதற்கு?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

பொருள்: மாடல் ரிலீஸ் படிவத்தை (தன் படத்தைப் பயன்படுத்தலாம் என்று படத்தில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுத் தரும் சம்மதத் தாள்) எதையும் மறைக்காமல் எனக்கு அனுப்பியது பற்றி

வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். 3 வருடமாக உங்களுக்கு மாதச் சந்தா கட்டி ஸ்டாக் படங்கள் (விளம்பரங்களில் போட ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படங்கள்) வாங்கி வருகிறேன், படங்களில் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

போன வாரம் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்காக நோட்டீஸ் ஒன்று செய்தேன். அதற்கு உங்கள் தளத்தில், மடியில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்தேன். நோய், சிகிச்சை என்று வரும் இடத்தில் ஒருவருடைய முகத்தைப் போடுகிறோமே, அவர் சம்மதம் இருக்கிறதா என்று மருத்துவமனையின் வக்கீல் கேட்டார். சரியான கேள்வி. அவரையும் மெயிலில் சேர்த்து உங்களிடம் கேட்டேன்: ரிலீஸ் இருக்கிறதா, மருத்துவ விளம்பரத்துக்கு அது செல்லுமா? இவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் நீங்கள் அனுப்பியது ஸ்கேன் செய்த முழுப் படிவம். அந்தப் பெண்ணின் முழுப்பெயர், பிறந்த தேதி, கதவு எண்ணோடு வீட்டு முகவரி, செல்போன் எண், கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. குழந்தைக்குத் தனிப் படிவம், அதன் பெயரும் பிறந்த தேதியும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் முகவரியையும் விடவில்லை. வயதுச் சான்றுக்கு ஆதார் நகல் வேறு, 12 எண்ணும் பளிச்சென்று. மெயிலில் இருந்த 6 பேருக்கும் இது போய்விட்டது, அதில் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரிப் பையன்.

பார்த்ததும் எனக்கு என் தங்கை ஞாபகம்தான் வந்தது. பல வருடம் முன்பு ஒரு கடை விளம்பரத்துக்குப் படம் எடுத்துக்கொண்டாள், எப்படியோ அவள் எண் வெளியே போய் ராத்திரி 11 மணிக்கெல்லாம் யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள், கடைசியில் எண்ணையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. இந்தப் பெண்ணின் முகத்தோடு அவர் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் யார், எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு என்ன தெரியும்? போட்டோகிராபர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டபோது, படம் வாங்குகிறவர்கள் கைக்கு அந்தத் தாளும் போகும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

வயதையும் சம்மதத்தையும் சரிபார்க்க இந்த விவரங்கள் உங்களுக்குத் தேவைப்படலாம், அது புரிகிறது. வாங்குகிற எனக்குத் தேவை எந்தப் படத்துக்கான ரிலீஸ், என்று கையெழுத்தானது, 18 வயது நிறைந்தவரா, குழந்தை என்றால் பெற்றோர் ஒப்பினார்களா, எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை, இவ்வளவுதான். மீதியைக் கறுப்படித்து அனுப்ப 2 நிமிடம் ஆகுமா? ஆதார் ஆணையமே கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரைக் கொடுக்கிறது, போட்டோகிராபர்களிடம் அதை வாங்கினாலே போதுமே. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது, பெரிய மீறல்களுக்கு அதில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

என் பக்கம் அந்த மெயிலை அழித்துவிட்டேன். மற்ற 5 பேரிடமும் போன் போட்டுச் சொல்லி அழிக்க வைத்தேன். அந்த நோட்டீஸில் வேறு படம் போட்டாயிற்று.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். அவர்கள் விவரங்கள் 6 பேரிடம் போனதை அந்தப் பெண்ணுக்கும் சாட்சிக்கும் நீங்களே தெரிவிக்க வேண்டும். இதுவரை எத்தனை பேருக்கு இப்படி மறைக்காத படிவம் போயிருக்கிறது என்று பார்த்து, அவர்களுக்கும் சொல்ல வேண்டும். அப்புறம் படிவத்தையே இரண்டாகப் பிரியுங்கள்: சம்மதம் ஒரு தாளில், முகவரியும் எண்ணும் இன்னொரு தாளில், அந்த இரண்டாவது தாள் உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வரவே கூடாது.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன், உங்களுக்குப் படம் கொடுக்கும் எனக்குத் தெரிந்த போட்டோகிராபர்களிடமும் நடந்ததைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கோவை