வாத்தியார் காதலுக்குக் கடல்தான் முடிவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இரண்டு ஆண் ஆசிரியர்களின் காதல் கதையைப் படித்தேன். நட்பு மெல்லக் காதலாகும் இடம்வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் ஏன் ஒருவரைப் பாம்பன் கடலில் தள்ளிவிட்டார் கதாசிரியர்? இப்படிப்பட்ட ஜோடியை உயிரோடு வைத்துக் கதையை முடிக்கத் தெரியாதா?

மண்டபம் பக்கம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டு மாடியில் இரண்டு வாத்தியார்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர் கணக்கு, மற்றவர் உடற்கல்வி. (பாடங்களை மாற்றித்தான் சொல்கிறேன், யாரும் தேடிக்கொண்டு வர வேண்டாம். எழுதச் சம்மதமும் வாங்கிவிட்டேன்.) வாடகையைப் பங்கிடத்தான் முதலில் சேர்ந்தார்கள். விடைத்தாள் கட்டு வந்தால் ஒருவர் திருத்துவார், மற்றவர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பார். ஒருநாள் காரல் மீன் குழம்பு கொடுக்க மாடிக்குப் போனேன். பொடி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சதையை மட்டும் நண்பர் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை, வாடகையைத் தவிர.

2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்றது. 2023-ல் திருமண அங்கீகாரம் தர மறுத்தது. 2024 ஆகஸ்டில், இப்படிப்பட்ட ஜோடிகள் இணைந்து வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் சொன்னது. அதை நம்பிப் போன என் மாடி வாத்தியார்களிடம், “அண்ணன் தம்பியா சார்?” என்று வங்கியில் மூன்று முறை கேட்டார்களாம். கதாசிரியர் அந்த வங்கி வரிசையை எழுதட்டும், ஆவலோடு படிப்பேன்.

- ஓய்வு பெற்ற தமிழாசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்