லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து: இலை ஊதும் எந்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் கேட்ட இரைச்சலைப் பற்றி விசாரித்தீர்கள். அது உங்களுக்குப் பழகிய எந்திரத்தின் உடன்பிறப்புதான். பருத்திக்கு மருந்தடிக்க நீங்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பவர் ஸ்பிரேயரில் மருந்துத் தொட்டியை நீக்கிக் காற்றை மட்டும் ஊதவிட்டால் என்ன கிடைக்குமோ, அதுவே இங்குள்ள ‘லீஃப் புளோயர்’. 1970களின் வறட்சியில், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி நடைபாதை கழுவக் கூடாது என்று கலிபோர்னிய ஊர்கள் தடுத்தபோது இது வேகமாகப் பரவியது. ஆனால் 1975லேயே கார்மல் என்னும் கடலோரச் சிற்றூர் இதற்குத் தடை விதித்துவிட்டது.

இரைச்சல் மட்டும் குற்றமன்று. இதன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறுகிறது. ஒரு மணி நேரம் இதை ஓட்டினால், ஒரு காரை 1,100 மைல் ஓட்டியதற்கு ஈடான, புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு சேர்கிறது என்று மாநிலக் காற்றுவள வாரியம் கணக்கிட்டிருக்கிறது.

ஆயினும் அப்பா, என் மனத்தை உறுத்துவது வேறொன்று. வீடுகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் புளோயரை இயக்கக் கூடாது என்று இந்நகரம் சட்டம் கொண்டுவந்தபோது, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தோட்டக்காரர்கள், அதே கூலிக்கு இருமடங்கு நேரம் துடைப்பத்தால் பெருக்க நேருமே என்று அஞ்சி, 1998 ஜனவரியில் நகர மன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரைச்சலோ இன்றும் ஓயவில்லை. 2021இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, 2024 முதல் புதிதாகத் தயாராகும் இத்தகைய எந்திரங்கள் புகையற்றவையாக இருக்க வேண்டும். பழையவற்றை வைத்திருப்பவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். மின்கல எந்திரம் வாங்க அரசு மானியம் ஒதுக்கியிருந்தாலும், நாள் முழுதும் உழைப்பவருக்குப் பல மின்கலங்கள் தேவைப்படுகின்றன. இந்த எந்திரம் ஒழிய வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் அதன் செலவைச் சுத்தமான புல்தரை கேட்கும் வீட்டுக்காரர்கள் ஏற்பதே நியாயம்.

எங்கள் வாசலைத் துடைப்பத்தாலேயே பெருக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லி, கூடுதலாகும் நேரத்துக்கும் கூலி தருகிறோம். மற்ற வீடுகளில் எந்திரத்தை இயக்கும்போது அவர் காதுகளுக்குக் கவசம் அணிந்துகொள்கிறார். நீங்களும் இனி மருந்தடிக்கும்போது காதுகளை மூடிக்கொள்ளுங்கள் அப்பா. அதற்கான கவசம் ஒன்றை அடுத்த பொதியில் அனுப்புகிறேன்.

அன்பு மகள்