வேலூர் இளம் ஹாக்கி அணிக்குப் பிள்ளைகளை வளர்க்கத் தெரிந்த பயிற்றுநரைத் தேர்ந்து நியமிக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
இளம் ஹாக்கி வீரர், வீராங்கனைகளின் பெற்றோர் சார்பில்,
ஒரு வீராங்கனையின் தந்தை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: புதிய ஹாக்கி பயிற்றுநர் நியமனம் – மைதானத்தில் நேரில் பயிற்சி நடத்தச் சொல்லிப் பார்த்துத் தேர்வு செய்யவும், மூன்று ஆண்டு தொடர அனுமதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காட்பாடியில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். இந்த மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர் இருந்த நாளில் பள்ளி அணியில் ரைட் விங் ஆடியவன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இப்போது ஹாக்கி ஆடுகிறாள். அவளோடு தினமும் காலையில் மட்டை தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடிப் பேசி, மனு எழுதிப் பழக்கப்பட்டவன் என்பதால் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

எங்கள் அணி இன்று இருக்கும் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருடமாக ஒன்றாக ஆடிய பெரிய பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். ஒருத்தி நர்சிங் சேர்ந்தாள், இரண்டு பேர் ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் வெளியூர்க் கல்லூரிகளில். மிச்சம் 16 பேர். அதில் மூத்தவனுக்கு வயது 14. முன்பெல்லாம் அரக்கோணத்திலிருந்து வாணியம்பாடி வரை உள்ள ஊர்களில் தேடி ஓர் அணி எடுப்பார்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிள்ளைகள் அவரவர் மாவட்டத்துக்கு ஆடுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் இங்கே மறுபடி அடியிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. கடைசியாக ஆடிய போட்டியில் 11 கோல் வாங்கினோம், திருப்பி ஒன்றும் போடவில்லை. பிள்ளைகள் மட்டும் கடைசி விசில் வரை ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த நேரத்தில் புதிய பயிற்றுநர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். விண்ணப்பித்தவர்களில் யாரிடம் கோப்பை அதிகம் என்று பார்த்து எடுப்பார்கள் என்று மைதானத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மனு. கோப்பையை விட, சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் கை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். எடுத்த பிறகு மூன்று வருடமாவது அவரை இருக்க விடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. என் மகளுக்கு இடது கைப் பழக்கம். ஹாக்கியில் இடது கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், அது எல்லாருக்கும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். பத்து வயதில் அவளைச் சேர்த்தபோது அங்கிருந்த பயிற்றுநர் இரண்டே நாள் பார்த்தார். “நொட்டாங்கைக்கு இது ஒத்துவராது, போய் கோல்ல நில்லு” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஏழு மாதம் நின்றாள். பேடு அவள் தொடைக்கு மேல் ஏறும். பட்டி எட்டாமல் போக, நான் பாவாடை நாடா வாங்கிக் கட்டிவிடுவேன். பந்து வந்தால் உதைப்பாள், வராவிட்டால் வெயிலில் நிற்பாள். வீட்டுக்கு வந்து மட்டையைத் தொடமாட்டாள்.

பிறகு நான்கு மாதம் ஒரு பெரியவர் சம்பளம் வாங்காமல் வந்து பயிற்சி கொடுத்தார். கம்மவான்பேட்டைப் பக்கம், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், ரெஜிமென்ட் அணிக்கு ஆடியவர். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா. முதல் நாளே என் மகளைக் கோலிலிருந்து வெளியே கூப்பிட்டார். அவள் முன்னால் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் இடது கையை மட்டையின் உச்சியில் வைத்து, வலது கையைத் தளர்த்திக் கீழே வைத்தார். “பாப்பா, வலது கை சும்மா ஒரு வளையம் மாதிரி இருக்கணும். இப்ப இடது கையால மட்டும் மட்டையைத் திருப்பு” என்றார். மற்ற பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலித்த அந்தத் திருப்பு இவளுக்கு முதல் தடவையே வந்துவிட்டது. ஹாக்கியில் பந்தைக் கடத்திக்கொண்டு போவதற்கு மட்டையைத் திருப்புகிற வேலை முழுக்க இடது கைக்குத்தான். நான் பத்து வருடம் ஆடியும் இதை ஒருவர் இவ்வளவு எளிதாகச் சொல்லிக் கேட்டதில்லை. இன்று அவள் நடுக்களத்தில் ஆடுகிறாள்.

அந்தப் பெரியவருக்கு 71 வயது. முட்டி வலி வந்து நின்றுவிட்டார். அவரை நியமிக்கச் சொல்லி எழுதவில்லை, அவரிடம் இருந்த கண் வேண்டும் என்று எழுதுகிறேன்.

கோப்பையைக் குறியாக வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 14 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு, மீசை அரும்பிய பையன்களைச் சான்றிதழ் திருத்திக் கூட்டி வந்தார் முன்பு இருந்த ஒருவர். கப் கிடைத்தது, எங்கள் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் தூக்கினார்கள். அடுத்த மாதமே நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இன்னொருவர், தோற்றதற்குத் தண்டனையாக மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்க விடாமல் மைதானத்தைச் சுற்ற வைத்தார். வேலூர் வெயில் எப்படி என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். அவள் பெற்றோர் இன்றுவரை அவளை மைதானத்துப் பக்கம் அனுப்பவில்லை.

நாட்டின் அணியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1980-ல் மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பிறகு, ஆண்கள் அணி ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 ஆண்டு காத்திருந்தது. 2008-ல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. 2012-ல் லண்டனில் 12 அணிகளில் கடைசி. 2017 செப்டம்பரில் பயிற்றுநர் ரோலன்ட் ஓல்ட்மன்ஸ் நீக்கப்பட்டு ஷூர்ட் மரைன் வந்தார். 2018-ல் அவரை மாற்றி ஹரேந்திர சிங். 2019 தொடங்கியதும் அவரும் இல்லை. அதன் பிறகு வந்த கிரஹாம் ரீட்டை மாற்றாமல் விட்டார்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் வந்தது. பெண்கள் அணியும் அப்படித்தான்: 2016 ரியோவில் கடைசி இடம், அடுத்த ஒலிம்பிக்கில் அதே மரைன் பயிற்சியில் நான்காம் இடம்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. 2016-ல் லக்னோவில் ஹரேந்திர சிங் பயிற்சியில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற பையன்கள்தான் ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார், சிம்ரன்ஜீத் சிங் எல்லாரும். டோக்கியோ வெண்கலத்தில் அவர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. விதைத்தது ஒரு வருடம், அறுத்தது ஐந்து வருடம் கழித்து. 14 வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பவரை அந்த வருடக் கோப்பையை வைத்து எடைபோட முடியாது.

பெரிய வீரராக இருந்தவர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்திய அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஆட்டத்தை விட்ட கையோடு ஜூனியர்களுக்குப் பயிற்றுநரானார். 2025-ல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அந்தப் பிள்ளைகள் வெண்கலம் எடுத்தார்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்றுநர் பட்டயம் இருக்கட்டும், மாநில அணிக்கு ஆடிய சான்று இருக்கட்டும். இருப்பவர்களில் யார் என்று முடிவு செய்யும்போது மட்டும், நேர்காணல் மேசையோடு நிறுத்திவிடாமல் மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள்.

ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு காலைப் பொழுதில் முக்கால் மணி நேரம் எங்கள் 16 பிள்ளைகளையும் கொடுங்கள். தேர்வுக் குழு கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கட்டும். பிள்ளைகள் பந்தைத் தொடும் நேரம் அதிகமா, வரிசையில் நிற்கும் நேரம் அதிகமா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 16 பேரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஹிட் அடிக்கச் சொல்கிறவர் இருக்கிறார். ஒரு பிள்ளை அடித்துவிட்டு மறுபடி தன் முறை வர 15 பேர் அடிக்கக் காத்திருக்க வேண்டும். நான்கு பேராகப் பிரித்து, நான்கு பந்து கொடுத்து, சின்னக் கட்டத்துக்குள் விளையாட விடுகிறவரும் இருக்கிறார். இருப்பதிலேயே ஆட்டம் வராத பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். முடியும்போது எத்தனை பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரிகிறது என்று கேளுங்கள்.

தரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஆடுவது மண்ணில். மாநிலப் போட்டிக்குப் போனால் செயற்கைப் புல்தரை. மண்ணில் பந்து குதித்து வேகம் குறைந்து வரும்; அங்கே வழுக்கிக்கொண்டு மட்டைக்கு அடியில் புகுந்து போய்விடும். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை போட்டபோது இந்தியாவே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஆகவே மண்ணில் வைத்தே அந்த வேகத்துக்குப் பழக்கத் தெரிந்தவர் வேண்டும். தாத்தா பள்ளிக்கூட சிமென்ட் வராண்டாவில் பந்தை உருட்டிவிட்டு ஸ்டாப்பிங் பழக்கினார், அதற்குப் பணம் ஒன்றும் செலவாகவில்லை. மாதம் ஒருமுறை சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு அழைத்துச் செல்ல அனுமதியும் ரயில் செலவும் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

16 பேரில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். வரும் பயிற்றுநர் ஆணாக இருந்தால், பயிற்சி நேரத்திலும் வெளியூர்ப் போட்டிகளிலும் உடன் இருக்க ஒரு பெண் உதவியாளரையும் நியமிக்கக் கேட்டுக்கொள்கிறோம். வயதுக்கு வரும் பருவத்தில் பிள்ளைகள் ஆட்டத்தை விடுவதற்குப் பெண் துணை இல்லாததே முதல் காரணம். அம்மாக்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது இது.

பெற்றோராகிய எங்கள் பக்கமும் தவறு உண்டு. விளையாட்டு இடஒதுக்கீடு 3 சதவீதம், சான்றிதழ், வேலை என்று நினைத்து நாங்களே ஜெயிக்கச் சொல்லி நெருக்குகிறோம். முதல் இரண்டு வருடம் முடிவுகளைக் கேட்டுப் புதிய பயிற்றுநரைத் தொந்தரவு செய்யமாட்டோம் என்று எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்த மண்ணுக்குப் பொறுமை புதிதல்ல. தாங்கள் அமர்ந்திருக்கும் அதே சத்துவாச்சாரியிலிருந்துதான் சதீஷ் சிவலிங்கம் போய் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர். வீட்டிலேயே பார்க்கத் தெரிந்த ஒரு கண் அவருக்கு இருந்தது. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் அப்படி யாரும் இல்லை, அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

காலை 5.45-க்குப் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள். முதல் பத்து நிமிடம் கல் பொறுக்குவார்கள், பிறகுதான் ஆட்டம். தேர்வுக் குழு எந்த நாள் வருவதானாலும் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் 16 பேரையும் நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் சார்பில், காட்பாடி.

இணைப்பு: பெற்றோர் கையொப்பங்கள், உறுதிமொழிக் கடிதம்.
நகல்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், வேலூர்.