தலைக்கட்டு நோட்டைப் பார்

தருமபுரி

அன்பு மகள் கயலுக்கு,

நம் பக்கம் மதம் தேய்கிறதா என்று ஆராய நீ போட்ட கேள்வித்தாளைப் படித்தேன். "வாரம் எத்தனை முறை கோயிலுக்குப் போகிறீர்கள்?" என்ற முதல் கேள்வியை அடித்துவிடு. அது ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகும் ஊருக்கு எழுதியது. நம் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, மிச்ச நாளெல்லாம் வீட்டு விளக்கோடு நிறுத்திக்கொள்கிறவரை உன் தாள் பக்தியில்லாதவர் கணக்கில் சேர்த்துவிடும். சர்ச் ஊரிலேயே அந்தக் கேள்வி ஏமாற்றியது. அமெரிக்காவில் வாராவாரம் போவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 40 பேர். 1993-ல் ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நிஜ வருகையைக் கணக்கிட்டபோது ஏறக்குறைய பாதிதான் தேறியது. "கடைசியாக எப்போது போனீர்கள், எந்தக் கோயில், கூட யார் வந்தார்கள்" என்று கேள்.

சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1960-களில் மதம் தேயும் என்றார், 1999-ல் அதை மறுத்துவிட்டார். அதை வைத்து விவாதமே முடிந்ததாக முன்னுரையில் எழுதியிருக்கிறாய். முடியவில்லை. இங்கிலாந்து-வேல்ஸ் சென்சஸில் மதம் இல்லை என்றவர்கள் 2001-ல் 14.8 சதவீதம், 2021-ல் 37.2. இதை ஆராய்ந்த டேவிட் வோவாஸ் சொல்வது, அங்கே ஆட்கள் வயதாகி மாறுவது குறைவு, ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிடக் குறைந்த பக்தியோடு வளர்கிறது என்பது. பெற்றோர் இருவருக்கும் பக்தி இருந்தால் அது பிள்ளைக்குப் போய்ச்சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒருவருக்கு மட்டும் என்றால் கால்வாசி. ஆகவே பிறந்த வருஷமும், அப்பா அம்மா என்ன செய்தார்கள் என்பதும் தாளில் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இளவட்டம் கோயிலுக்கு வராதது வயதாலா, தலைமுறையாலா என்று பிரிக்க முடியாது.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று நின்று தலையை எண்ணினால் மதம் பெருகுகிறது என்றுதான் எழுதுவாய். வெளியூர் வண்டிகள் வரும் கூட்டம் அது. அதைத் தருமபுரி ஜனத்தொகையால் வகுத்தால் கணக்கு கெட்டது. உண்டியல் வசூலும் உதவாது, விலைவாசி அதில் கலந்திருக்கும்.

மாரியம்மன் பண்டிகைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுகிற தலைக்கட்டு வரி நோட்டைப் பிடி. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு என்ற ஊர் உண்டு, பங்கு பிரிந்தால்தான் தனித் தலைக்கட்டு என்ற ஊரும் உண்டு. எது வழக்கம் என்று முதலில் குறித்துக்கொள். 60 தலைக்கட்டு 90 ஆகியிருந்தால் பக்தி கூடியது என்று பாய்ந்துவிடாதே, கூட்டுக் குடும்பம் உடைந்திருக்கும். பேருக்கு நேரே மூன்று கட்டம் போடு: வரி கொடுத்தாரா, பண்டிகைக்கு வந்தாரா, வீட்டில் மாவிளக்கு எடுத்தார்களா. ஓசூரிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் ஜிபே-யில் அனுப்பிவிட்டு ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். பிரிட்டனில் நம்பிக்கை உண்டு, சர்ச்சோடு சேர்ந்திருப்பது இல்லை என்று சமூகவியலாளர் கிரேஸ் டேவி எழுதினார். இங்கே அது தலைகீழாகவும் இருக்கலாம்; மூன்று கட்டமும் தனித்தனியாக இருந்தால்தான் தெரியும். காலனி வீடுகளிடம், அதாவது தலித் குடியிருப்பில், வரியே வாங்காத ஊர்களும் உண்டு. நோட்டில் அவர்கள் பேர் இல்லாததற்கும் பக்திக்கும் சம்பந்தமில்லை. அங்கே நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

நாலாவது கட்டம்தான் முக்கியம்: வரி கொடுக்காதவரை ஊர் என்ன செய்தது? முன்பெல்லாம் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காமல் ஒதுக்கி வைப்பார்கள். இப்போது அவர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் ஊர்ப் பஞ்சாயத்து பின்வாங்கும். சமூகவியலாளர் பிரையன் வில்சன் 1966-ல் மதத்தின் தேய்வு என்றது முக்கியமாக இதைத்தான், சமூகத்தை நடத்தும் அதன் பிடி தளர்வதை. கும்பாபிஷேகம் வரவர ஆடம்பரமாகும், அதே கோயில் திண்ணையில் சொன்ன தீர்ப்பு செல்லாமலும் போகும். வில்சன்தான் நம் ஊருக்குப் பொருந்துவார் என்பது என் கட்சி. மதம் தேயவில்லை என்று வாதிட்ட ரோட்னி ஸ்டார்க் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நோட்டு தர்மகர்த்தா வீட்டிலோ வசூல் பண்ணுகிறவரிடமோ இருக்கும். பண்டிகைக்கு முன்னால் கேட்காதே கண்ணு, வரவு செலவைக் கிளற வந்திருக்கிறாய் என்று நினைப்பார்கள். ஊரைக் கூட்டிக் கணக்கு படித்து முடித்த பிறகு போ. போட்டோ எடுக்காதே, கையால் எழுதிக்கொள், பேருக்குப் பதில் எண் போடு.

அப்பா