‘மீன் முள்’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கடல் தண்ணி பட்டா புண்ணு ஆறிடும்’ என்பதைக் கடலோர ஊர்களில் இன்னும் நம்புகிறார்கள். இதை மாற்ற உங்கள் மருத்துவப் பக்கம் உதவ வேண்டும்.

வெதுவெதுப்பான கடல் நீரில், குறிப்பாக முகத்துவாரத்து உவர் நீரில், விப்ரியோ வல்னிபிகஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. உப்பு அதைக் கொல்லாது. உப்பில்தான் அது வளரும். ஆறாத புண்ணோடு தண்ணீரில் இறங்கினாலோ, நண்டுக் கொடுக்கு கிழித்தாலோ உள்ளே புகுந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில், காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத வலி வரும். காலையில் கணுக்காலில் இருந்த சிவப்பு மாலையில் முழங்காலைத் தொடும். பேனாவால் அதன் ஓரத்தில் கோடு போட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்புக் கொப்புளம் எழும்பினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளினோடு செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்து வேண்டும். அழுகிய சதையை உடனே வெட்டி எடுக்கவும் வேண்டும். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் காயத்தின் வழியே விப்ரியோ தொற்றிய 18 பேரில் 5 பேர் இறந்தார்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து மிக அதிகம்.

கெளுத்தி முள்ளில் பின்நோக்கிய பற்கள் உண்டு. முனை ஒடிந்து உள்ளே தங்கினால் புண் ஆறாது. குத்தியதும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கை பொறுக்கும் சுடுநீரில் வைப்பது முள்ளின் விஷ வலிக்குத்தான், கிருமிக்கு அல்ல. மஞ்சள், சுண்ணாம்பு அப்பி இறுக்கிக் கட்டவே வேண்டாம். டெட்டனஸ் ஊசியை மறக்க வேண்டாம்.

மீன் ஆய்பவர்களின் விரல் சில நாளில் ஊதா நிறமாக வீங்கி எரிந்தால், சீழும் இல்லாவிட்டால், அது எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பெனிசிலினுக்குக் கேட்கும், வேன்கோமைசின் என்ற மருந்துக்குக் கேட்காது.

அதிகம் ஏமாற்றுவது மைகோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியா. மீன் தொட்டி கழுவுகிறவர்களையும் விடாது. குத்திய காயம் மறந்தே போன பிறகு, வாரக்கணக்கில் கழித்து விரலில் வலியில்லாத கட்டி வரும். பிறகு முன்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். சாதாரணக் கட்டி என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால் கேட்காது. மாதக்கணக்கில் மருந்து வேண்டும். இந்தக் கிருமி 30 டிகிரிச் சூட்டில்தான் நன்றாக வளரும். ஓ.பி. சீட்டிலும் பரிசோதனைத் தாளிலும் ‘மீன் முள்’ என்று எழுதியிருந்தால் ஆய்வகத்தில் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியை அந்தச் சூட்டில் வைப்பார்கள். எழுதாவிட்டால் வழக்கமான 37 டிகிரியில் வைத்து, ‘கிருமி வளரவில்லை’ என்று முடிவு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர்,
நாகப்பட்டினம்.