2015 வரை கட்டிய கடன்

கும்பகோணம்

அன்புள்ள நடராஜனுக்கு,

உன் கடிதம் வந்தபோது பிரிஸ்டலிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். வீடு நிறைந்திருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைத் தங்கச்சி போனில் சொன்னது. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பிரிட்டன் அடிமை முறையை ஒழித்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது, பாட்டன் செய்ததற்குப் பேரன் ஏன் இழப்பீட்டுப் பணம் கட்ட வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது என்று எழுதியிருந்தாய். ஆடிட்டிலேயே காலத்தை ஓட்டியவன் என்பதால் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

கணக்கு எப்போதோ போட்டாயிற்று, நடராஜா. 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது. அத்தனையும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. விடுதலையான சுமார் 8 லட்சம் பேரில் ஒருவருக்கும் ஒரு பென்னி கிடையாது. போதாக்குறைக்கு 'அப்ரண்டிஸ்' என்று பெயர் மாற்றி, பெரும்பாலானவர்களை 1838 வரை அதே எஜமானிடம் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள்.

எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டார்கள் தெரியுமா? வயல் வேலை செய்பவருக்கு ஒரு விலை, வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு விலை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு விலை. முதியவர்களும் நோயாளிகளும் தனி வகை. காலனிக்குக் காலனி விலை வேறு. வாங்கிய முதலாளிகளின் பெயரும் தொகையும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் இணையதளத்தில் இன்றைக்கும் இருக்கின்றன. மகள் லேப்டாப்பில் காட்டினாள். எத்தனையோ லெட்ஜர் பார்த்திருக்கிறேன், இப்படி வயிற்றைக் கலக்கியது வேறெதுவும் இல்லை.

அதில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பிறகு பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. அப்ரண்டிஸ் காலம் முடிந்தால் ஆள் கிடைக்காதே என்று, டெமராராவில், அதாவது இன்றைய கயானாவில், இருந்த தன் தோட்டங்களுக்காகக் கல்கத்தாவிலிருந்து கூலிகளை வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1838-இல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் போனதும் இதே காலத்தில், இதே தேவைக்குத்தான். 2023-இல் கிளாட்ஸ்டன் வம்சத்தார் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த அளவுக்காவது வந்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பேரன் ஏன் கட்ட வேண்டும் என்றாயே, கட்டினான். அந்த இழப்பீட்டுக்காக அரசு 1.5 கோடி பவுண்டு கடன் வாங்கியது. அந்தக் கடன் உருமாறி உருமாறிக் கடைசியாகத் தீர்ந்தது 2015-இல். என் மகள் அதற்கு முன்பே அங்கே வேலைக்குப் போய்விட்டாள், அவள் சம்பளத்தில் பிடித்த வரியும் அதில் இருக்கிறது. கரிபியனிலிருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டியவர்களின் வரியும் இருக்கிறது. அடிமையின் வாரிசே எஜமானின் இழப்பீட்டுக் கடனை அடைத்திருக்கிறான். அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கட்ட முடியுமென்றால், இந்தப் பக்கம் மட்டும் காலாவதி எப்படி வந்தது?

ஹைட்டியில் இன்னும் கொடுமை. அடிமைகள் தாங்களே பிரான்சை எதிர்த்துப் போராடி 1804-இல் சுதந்திரம் வாங்கிய நாடு அது. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் 'சொத்தில்' அந்த மக்களும் சேர்த்தி. பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது, அது கிளப்பிய கடன் 1947 வரை இழுத்தது. 2025-இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தது ஒரு வரலாற்று ஆய்வுக் குழுவை மட்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் துல்சா நகரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை 1921-இல் வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. அப்போது ஏழு வயதுக் குழந்தையாக இருந்த வயோலா பிளெட்சர் நூறு வயதைத் தாண்டியும் நீதிமன்றப் படி ஏறினார். 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அடுத்த ஆண்டு, 111 வயதில், கோர்ட்டில் கேட்ட இழப்பீடு கிடைக்காமலே அந்த அம்மா இறந்தார்.

தலைக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கொடுப்பது சரிவருமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் கரிபிய நாடுகள் 2014-லிருந்து கேட்பவை முறையான மன்னிப்பு, மருத்துவம், கல்வி, கடன் ரத்து போன்றவை. இதில் எதை நியாயமில்லை என்பாய்?

அப்புறம் ஒன்று. 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்திருந்தார்கள். 1843-இல் இங்கே வந்த சட்டம் அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது என்றதோடு சரி, ஒரு குழி நிலம் யாருக்கும் தரவில்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் படியாளும் பண்ணையாளும் அதற்குப் பிறகும் எத்தனை காலம் இருந்தார்கள் என்பது நாம் பார்த்ததுதானே.

உங்கள் தாத்தா காலத்துப் பண்ணைக் கணக்கு நோட்டுகள் பரணில் கிடப்பதாகச் சொல்லியிருக்கிறாய். செல்லரித்துப் போவதற்குள் எடுத்து வை. எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள், யார் பெயரில் எவ்வளவு கடன் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். தை பிறந்ததும் வருகிறேன், இருவருமாக உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
சுந்தரம்